அமெரிக்க ரேங்கிங்கை நம்பி கிளான்சா எடுக்கலாமா?

சத்துவாச்சாரி_23 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்கு முதல் கார் எடுக்கப் போகிறோம். நான் வேலை பார்ப்பது ராணிப்பேட்டை சிப்காட்டில், தினமும் போய்வர வேண்டும். அம்மாவை மாதாமாதம் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலை. மாருதி சுசுகியின் பலேனோவா, டொயோட்டாவின் கிளான்சாவா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அப்பா தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், எழுத்தில் இருந்தால்தான் ஒப்புக்கொள்வார். எந்த கம்பெனி காரில் கோளாறு குறைவு என்று அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம் போட்ட 2024 பட்டியலை பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார். அதில் லெக்சஸ் முதலிடம், டொயோட்டாவும் மேலேயே இருக்கிறது. சுசுகி பெயரே இல்லை. "பட்டியலில் இடமே பிடிக்காத கம்பெனியை எதற்கு வாங்க வேண்டும்? கொஞ்சம் கூடப் போனாலும் கிளான்சாவே எடு" என்கிறார். எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. இந்த ரேங்கிங்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?

வாணியம்பாடி பாய் எழுதியது:

சகோ, இந்தப் பட்டியல் எல்லாம் காசு வாங்கிக்கொண்டு போடுவது. அதை விட்டுவிட்டு 5 ஸ்டார் வாங்கிய வண்டியாகப் பார்த்து எடுங்கள். ஸ்டார் இருந்தால் வண்டி நின்று உழைக்கும்.

வாலாஜா ஒர்க்‌ஷாப் எழுதியது:

தம்பி, அப்பா பார்த்த பட்டியல் பொய் கிடையாது. ஆனால் நீங்கள் எடுக்கப்போகும் வண்டியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

சுசுகி பெயர் இல்லாததற்குக் காரணம் வேறு. அமெரிக்காவில் கார் விற்பனையை நிறுத்தப்போவதாக அந்தக் கம்பெனி 2012-லேயே அறிவித்துவிட்டது. விற்காத வண்டிக்கு அங்கே யார் மார்க் போடுவார்கள்? டொயோட்டா மேலே நிற்பது கேம்ரி, கொரோலா, ராவ்4 மாதிரி அங்கே ஓடும் வண்டிகளால். கிளான்சா அந்த ஊரிலேயே கிடையாது. கிளான்சா சுசுகியின் குஜராத் ஆலையில் பலேனோவோடு சேர்ந்து தயாராகிற வண்டி. 2019-ல் வந்தபோது கிரில், லோகோ, சின்னச் சின்ன மாற்றங்கள், அவ்வளவுதான். பானெட்டைத் தூக்கினால் உள்ளே இருப்பது அதே கே சீரிஸ் இன்ஜின். பல பாகங்களில் சுசுகி முத்திரையே இருக்கும்.

அப்பாவுக்கு எழுத்தில் வேண்டும் என்றால் இதைக் காட்டுங்கள். 2020 ஜூலையில் ஃப்யூல் பம்ப் கோளாறுக்காக மாருதி 1,34,885 வண்டிகளைத் திரும்ப அழைத்தது (ரீகால்). அதில் 78,222 பலேனோ, மீதி வேகன்ஆர். அதே மாதம் டொயோட்டாவும் சுமார் 6,500 கிளான்சாவைத் திரும்ப அழைத்தது, அதே ஃப்யூல் பம்ப்புக்காக. வண்டி ஒன்று என்பதால் வந்த கோளாறும் ஒன்று.

பாய் அண்ணன் சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் படித்து யாராவது வண்டி எடுத்துவிடுவார்கள். ஸ்டார் என்பது மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்பதற்கு. கட்டாயம் பாருங்கள், அம்மாவை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் போகிறவர் நீங்கள். ஆனால் அஞ்சு வருடம் கழித்து ஏசி வேலை செய்யுமா என்பதை ஸ்டார் சொல்லாது. எல்லோரும் காசு வாங்குகிறார்கள் என்பதும் சரியில்லை. ஜே.டி. பவர் கார் கம்பெனிகளுக்கு ஆய்வு விவரங்களை விற்கும் நிறுவனம்தான், விருதை விளம்பரத்தில் போட கம்பெனிகள் கட்டணம் கட்டுவதும் உண்மைதான். ஆனால் மார்க் வருவது வண்டி வைத்திருப்பவர்களைக் கேட்டு. வண்டிகளைச் சோதித்து மார்க் போடும் இன்னொரு அமெரிக்க அமைப்பு கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், 1936-ல் இருந்து நடக்கிறது. விளம்பரம் வாங்காது, சோதிக்கும் வண்டியைக்கூடச் சொந்தக் காசில்தான் வாங்கும்.

சரி, அந்த எண்களைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜே.டி. பவர் 2024 பட்டியலில் லெக்சஸ் 135, டொயோட்டா 147, மொத்த சராசரி 190. மூன்று வருடம் ஓடிய நூறு வண்டிகளில் கடைசி 12 மாதத்தில் எத்தனை புகார் வந்தது என்ற கணக்கு இது. ஒரு வண்டிக்கு என்று பார்த்தால் டொயோட்டாவுக்கு ஒன்றரை, சராசரி வண்டிக்கு கிட்டத்தட்ட இரண்டு. வித்தியாசம் அரைப் புகார். அந்தப் புகார் எது என்று பட்டியல் சொல்வதில்லை. போன் கனெக்ட் ஆகவில்லை என்பதும் ஒன்று, கியர்பாக்ஸ் போனதும் ஒன்று. அந்த வருடம் அதிகமாக வந்ததே ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்ப்ளே தொல்லைதான். என்னிடம் வண்டியை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறவருக்கு அந்த இரண்டும் ஒன்றாகுமா?

அதற்காக மெக்கானிக் வாய்ச்சொல்லே வேதம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் ஷெட்டுக்கு அதிகம் வருவது மாருதி. ரோட்டில் அதிகம் ஓடுவதும் அதுதான். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு ஊரில் எல்லோருக்கும் காய்ச்சல் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். என்னிடம் வராமல் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளை நான் பார்ப்பதே இல்லை.

பிராண்டை விட ஓட்டுகிற கையும் ரோடும் பெரிது. ஒரே மாடல், ஒரே வருடத்து வண்டி இரண்டு எனக்கு வாடிக்கை. ஒன்று மருந்து கம்பெனி ரெப் ஓட்டுவது, சென்னைக்கும் ஓசூருக்கும் ஹைவேயிலேயே ஓடுகிறது. லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் கிளட்ச் மாற்றவில்லை. இன்னொன்று ஐடா ஸ்கடர் ரோட்டு நெரிசலில் அரை கிளட்சிலேயே ஊர்ந்த வண்டி. நாற்பதாயிரத்தில் கியர்பாக்ஸை இறக்கினோம். பிளேட் ரிவெட் வரைக்கும் தேய்ந்து, பிரஷர் பிளேட் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. கையில் எடுத்தால் கருகின வாசனை. கம்பெனி ஒன்றே, பட்டியலில் மார்க்கும் ஒன்றே.

உங்களுக்குத் தினசரி ஓட்டம் ஹைவேயில், அது வண்டிக்கு நல்லது. ஆனால் நம் ஊர் வெயில் பேட்டரியையும் ரப்பரையும் விடாது. ஏப்ரல், மே மாதத்தில் 40 டிகிரிக்கு மேல் போகிறது. நிழலில் நிறுத்த இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆற்காடு ட்ராவல்ஸ் அக்கா எழுதியது:

வாலாஜா அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் ட்ராவல்ஸ் நடத்துகிறோம். நல்ல பெயர் உள்ள ஒரு கம்பெனி வண்டி, பெயர் வேண்டாம், ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் போய்விட்டது. பெரிய கோளாறே இல்லை. ஆனால் பார்ட் வர வாரக்கணக்கில் ஆனது. கல்யாண சீசன், வண்டி ஷெட்டில் நிற்கிறது, ட்யூ மட்டும் ஓடுகிறது. கோளாறு எத்தனை வந்தது என்பதை ரேங்கிங் எண்ணும், வண்டி எத்தனை நாள் நின்றது என்பதை எண்ணாது. 2017-ல் செவ்ரோலே விற்பனையை நிறுத்தியது, 2021-ல் ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஃபோர்டு தொழிற்சாலை மறைமலைநகரில், நமக்குப் பக்கம்தான். அந்த வண்டிகளை இன்னும் ஆசையாக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், பார்ட்டுக்குத்தான் அலைகிறார்கள். தம்பி, ஷோரூமுக்குப் போகும் முன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் ஹெட்லைட், பம்பர், லோயர் ஆர்ம் இந்த மூன்றும் உடனே கிடைக்குமா, விலை என்ன என்று கேளுங்கள். கடைக்காரருக்கு எந்த வண்டி விற்றாலும் ஒன்றுதான், உள்ளதைச் சொல்வார்.

சத்துவாச்சாரி_23 எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ரீகால் விஷயத்தை அப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். இப்போது "அப்போ வாரண்டி யாருடையது நல்லது, அதைக் கேள்" என்கிறார்.

வாலாஜா ஒர்க்‌ஷாப் எழுதியது:

அப்பா சரியான இடத்துக்கு வந்துவிட்டார். முன்பு மாருதி இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர்தான் கொடுத்தது, டொயோட்டா மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம். அப்போது கிளான்சாவுக்கு அதிக விலை கொடுப்பதில் ஒரு நியாயம் இருந்தது. 2024 ஜூலையில் மாருதியும் மூன்று வருடம், ஒரு லட்சம் என்று ஆக்கிவிட்டது. இனி எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு எவ்வளவு, அதில் ஏசி கம்ப்ரஸர், ஸ்டீயரிங் சேருமா என்று இரண்டு ஷோரூமிலும் எழுதி வாங்குங்கள். சர்வீஸ் சென்டருக்குத் திங்கட்கிழமை காலையில் ஒருமுறை போய் நில்லுங்கள். வண்டி விட வந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், போன தடவை பில்லில் சொன்னதும் போட்டதும் ஒன்றா என்று கேளுங்கள். எந்த சர்வீஸ் சென்டர் ஆட்கள் ஒழுங்கோ அந்த வண்டியை எடுங்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தால் விலை குறைவானதை எடுத்து, மிச்சத்தில் நல்ல டயர் போடுங்கள். டெலிவரி எடுக்கும்போது சேசிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு, வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி வெப்சைட்டில் ரீகால் இருக்கிறதா என்று போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.