அப்பாவுக்கு இன்சுலின் தொடங்க எங்கள் டாக்டர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார், என்ன செய்யலாம்?

குடியாத்தம் மகள்:
அப்பாவுக்கு 61 வயது, லுங்கித் தறி ஓட்டுகிறவர், சுகர் வந்து 12 வருடம். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் முழு அளவில் போகிறது, போன வருடம் மூன்றாவது மாத்திரை ஒன்றும் சேர்ந்தது. அப்படியும் சுகரின் மூன்று மாத சராசரி (HbA1c) 9-க்குக் கீழே இறங்கவில்லை, கடைசியாக 9.8. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார். ஆறு மாதத்தில் இளைத்துப்போய் அரைஞாண் கயிற்றை இரண்டு தடவை இறுக்கிக் கட்டியாகிவிட்டது.

எங்கள் டாக்டர் என்னைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவர், நடு ராத்திரி கதவைத் தட்டினாலும் திறப்பார். இன்சுலின் பற்றிக் கேட்டால் "இப்பவே ஊசிக்குப் போக வேண்டாம்மா, இன்னும் மூணு மாசம் வாயைக் கட்டட்டும்" என்கிறார். இப்படிச் சொல்வது இது நாலாவது முறை. அப்பாவிடமோ "இப்படியே சாப்பிட்டா ஊசிதான்" என்று சொல்லிவைத்திருக்கிறார், அதனால் அப்பா அதை ஒரு தண்டனை மாதிரி நினைத்துப் பயப்படுகிறார். டாக்டர்கள் ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள்? இவரை விட்டுவிட்டு வேலூருக்கே போய்விடலாமா?

ராணிப்பேட்டை தம்பி:
அக்கா, தயவுசெய்து இன்னொரு மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். எங்கள் அம்மாவுக்கும் இதே கதைதான், இரண்டு வருடம் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், செருப்புக் கடித்த புண் ஆறாமல் போய்க் கடைசியில் ஒரு கால்விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்சுலின் தொடங்கிய பிறகுதான் அந்தப் புண்ணே ஆறியது. ஊரில் பாதிப் பேர் "ஊசி போட்டதால்தான் கால் போச்சு" என்று பேசினார்கள், நடந்தது நேர்மாறாக.

ஆற்காடு பக்கத்து டாக்டர்:
நானும் குடும்ப டாக்டர்தான், மறைக்காமல் சொல்கிறேன். சாயங்காலம் வரிசை வாசல் வரை நிற்கும், ஒருவருக்கு ஊசி போடக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் ஆகும், அந்த நேரம் எங்களிடம் இருப்பதில்லை. அதைவிடப் பெரியது லோ சுகர் பயம். என்னிடம் வந்த ஒரு பெரியவர் காலையில் ஊசி போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார், பந்தி தாமதமாகி, கை கழுவும் இடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார், ஆனால் அதற்கப்புறம் ஒரு வருடம் நான் யாருக்கும் இன்சுலின் தொடங்கவே இல்லை, அது என் தப்பு.

வருடம் ஏற ஏறக் கணையம் இன்சுலின் சுரப்பதே குறைந்துவிடும், வாயைக் கட்டாததால் மட்டும் வருவதில்லை. சுகரைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண், சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததை 1998-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு காட்டிவிட்டது. பொதுவாக ராத்திரி 10 யூனிட்டில் தொடங்கி, காலை வெறும் வயிற்றுச் சுகரைப் பார்த்து 2 யூனிட்டாக ஏற்றுவோம். உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு, கிளிமிபிரைடைக் குறைக்கணுமா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இளைப்பு இருப்பதால் காசநோய்க்கும் சேர்த்து மார்பு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், சுகர் ஏறியவர்களிடம் அதை நாங்கள் நிறையப் பார்க்கிறோம். அவரை விட்டுப் போக வேண்டாம். ஒரு வாரச் சுகர் அளவை எழுதிக்கொண்டு, ஊசி போட நானே கற்றுக்கொள்கிறேன் என்று போய் நில்லுங்கள்.

காட்பாடி நர்ஸ்:
சிரிஞ்ச் விஷயத்தில் கவனம் சகோதரி. நம்மூரில் குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்து, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு. 100 மருந்தைச் சிவப்பு மூடியில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட், ஆபத்து. ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றிப் போடுங்கள், ஒரே இடத்தில் போட்டால் கட்டி தட்டிவிடும். ஃபிரிட்ஜில் ஃபிரீசருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், உறைந்த மருந்தைத் தூக்கிப்போட வேண்டியதுதான். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு ஒரு மண்சட்டிக்குள் இன்னொரு சட்டி, நடுவில் ஈரமணல், மே மாத வெயிலுக்கும் தாங்கும். காசு பிரச்சினை என்றால் அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம்.

குடியாத்தம் மகள்:
எல்லோருக்கும் நன்றி. தாளை எடுத்துக்கொண்டு போனேன். வெறும் வயிற்றில் 218, 231, 209 என்று வரிசையாக இருந்ததை டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மாட்டி இரண்டு தடவை பார்த்தார். "நீ போடுவியாம்மா? ராத்திரி லோ ஆனா பார்த்துப்பியா?" என்று கேட்டார். போடுகிறேன் என்றேன். அப்பாவைக் கூப்பிட்டு, "உன் தப்பு இல்லப்பா, உள்ள சுரக்கல, அதான் வெளியிலேர்ந்து கொடுக்கிறோம்" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை, வீட்டுக்கு வரும் வழியில் ஐஸ்பெட்டி எவ்வளவு என்று கேட்டார்.

10 யூனிட்டில் தொடங்கி இன்றோடு ஒன்பது நாள், காலையில் 171. ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார். தறி பக்கத்தில் ஒரு டப்பாவில் சர்க்கரை வைத்திருக்கிறேன், கை நடுங்கினால் மூன்று ஸ்பூன், கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதனை என்று என் தம்பிக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். எக்ஸ்ரே திங்கட்கிழமை.