பொருள்: ஃபுட்ஹோல்ட் டிராப் – காற்கண்ணியா, கால்கிட்டியா?

குழுவினர்க்கு வணக்கம். விலங்கின் காலைக் கவ்விப் பிடிக்கும் ஃபுட்ஹோல்ட் டிராப் (foothold trap) என்ற கருவிக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். குழுவில் வந்த முன்மொழிவு இது:

> ஃபுட்ஹோல்ட் டிராப் = காற்கண்ணி. கண்ணி பழைய சொல், எல்லோருக்கும் தெரியும்.

தெரியும், அதுதான் சிக்கல். கண்ணி என்றால் கயிற்றிலோ கம்பியிலோ போட்ட சுருக்கு. அமெரிக்காவில் கொயோட்டி என்ற நாயினக் காட்டுவிலங்கைப் பிடிப்பவர்கள் அதையும் வைக்கிறார்கள், ஸ்னேர் என்று. கண்ணியை அதற்கே விட்டுவைப்போம். பொறி என்பதோ பொதுப்பெயர், எலிக்கூண்டுகூட பொறிதான்.

இந்தக் கருவி வேறு. இரண்டு இரும்புத் தாடை, நடுவில் சிறு தட்டு, பக்கத்தில் சுருள்வில். தட்டில் கால் பட்டதும் தாடை எகிறி மூடும். 1991இல் ஐரோப்பியச் சமூகம் இதைத் தடைசெய்தபோது வரையறுத்ததும் ஏறக்குறைய இப்படித்தான்: தாடைகள் காலை இறுகக் கவ்வி, விலங்கு காலை உருவ விடாமல் செய்யும் கருவி.

இறுகக் கவ்வுவதற்கு நம்மிடம் கிட்டி இருக்கிறது. கும்பினி ஆட்சியில் வரி வசூலிக்க விரலை நெரித்த கட்டைக்கு அதுதான் பெயர். 1855ஆம் ஆண்டின் சென்னைச் சித்திரவதை விசாரணை அறிக்கையிலும் வருகிறது. தஞ்சை வயல்களில் எலிக்கு வைக்கும் மூங்கில் வில்லும் கிட்டிதான். ஆகவே 'கால்கிட்டி'. எலிக்கிட்டி கொல்லும், இது உயிரோடு பிடிக்கும் என்பீர்கள். சரி, விரல்கிட்டி ஆளைக் கொன்றதா? கழுத்தையோ உடலையோ நெரித்துக் கொல்லும் கோனிபேர் (Conibear) வகைப் பொறிக்கு 'உடல்கிட்டி' என்று வைத்துக்கொள்ளலாம்.

கவ்வுவது பாதத்தை, காலெலும்பை அல்ல என்று பொறிக்காரர்கள் லெக்ஹோல்ட் (leghold) என்ற இன்னொரு பெயரை ஒதுக்குகிறார்கள். தமிழில் காலில்தான் செருப்பும் போடுகிறோம். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். 'பாதக்கிட்டி' வேறு காதில் பாதகமாக விழுகிறது.

உறுப்புகள்: தட்டுக்கு 'மிதி'. தாடையை அழுத்திப் பிடித்து மிதியில் மாட்டி நிற்கும் நாக்கை ஆங்கிலத்தில் நாய் (dog) என்கிறார்கள். நாயினத்தைப் பிடிக்கும் கருவியில் இன்னொரு நாய் எதற்கு, 'தாழ்' போதும். எவ்வளவு அழுத்தினால் தாழ் விடும் என்பது 'மிதி இறுக்கம்'. கொயோட்டிக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரை வைத்துத் திருகாணியை முடுக்குவார்கள். முயல் மிதித்தால் தாழ் விடாது.

எனக்குப் பிடிபடாதது பெட்டிங் (bedding), அதாவது கிட்டியை மண்ணில் அசையாமல் பதிப்பது. சாய்வாக ஒரு வளை தோண்டி, உள்ளே இரை போட்டு, வளைவாய்க்கு முன்னால் கிட்டியைப் புதைப்பார்கள். எந்த ஓரத்தை அழுத்தினாலும் அது அசையக் கூடாது. அசைந்தால் கொயோட்டி மோப்பம் பிடித்துச் சுற்றித் தோண்டி வெளியே போட்டுவிடும். சுற்றிலும் மண்ணை இறுக்கி, மிதிக்கு அடியில் மட்டும் மண் புகாமல் மூடி, மேலே சலித்த மண் தூவுவார்கள். இந்த வேலையைப் 'படுக்கை' என்று எழுத முடியாது. 'அமர்த்தல்'?

அப்புறம், கொயோட்டியைக் குள்ளநரி ஆக்க வேண்டாம். அது வேறு விலங்கு.

--

> 'அமர்த்தல்'?

ஆள் அமர்த்துவது போல இருக்கிறது ஐயா. கம்பம் நட்டுச் சுற்றி மண்ணை இடிப்பதை எங்கள் பக்கம் 'கிட்டிப்பது' என்போம். மண் கிட்டித்தல். வேலை அதேதான், ஆனால் 'கிட்டியைக் கிட்டித்து' என்று எழுத வேண்டிவரும். அதற்காகவே கால்கிட்டியை விட்டுக் 'காற்கவ்வி' என்று போகலாமா? தாடை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள், கவ்வுவதும் பொருந்துகிறது. மிதி, தாழ் இரண்டுக்கும் என் ஓட்டு உண்டு.