பின்தொடைத் தசை கிழிந்து மறுபடி கபடிக்குத் திரும்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ரெய்டு போய்த் திரும்பும்போது என் தம்பிக்கு ஹாம்ஸ்ட்ரிங் கிழிந்துவிட்டது, ஸ்கேனில் கிரேடு 2 (தசை பாதியளவு கிழிந்த நிலை), ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது மெதுவாக ஓடினால் வலி இல்லை, வேகமெடுத்தால் பிடிக்கிறது. பிசியோ நார்டிக் பயிற்சி கொடுத்திருக்கிறார் (முழங்காலில் நின்று, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை மெல்ல முன்னால் சாய்ப்பது), அதைச் செய்த மறுநாள் தொடை கடுக்கிறது என்கிறான். அது சாதாரண தசைவலியா, நிறுத்த வேண்டிய வலியா, எப்படிப் பிரித்தறிவது? திருவிழா மேட்சில் இறங்கச் சொல்லி டீம் பசங்க நச்சரிக்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை, ஒருமுறை கிழிந்த தசை மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம். முழு வேக ஓட்டம், சட்டென்று திரும்புவது, அப்புறம் பிடிபட்டுத் திமிறுவது, இவற்றை எந்த வரிசையில் சேர்த்தீர்கள்? மதுரைப் பக்கம் நல்ல விளையாட்டு பிசியோ தெரிந்தாலும் சொல்லுங்கள். தைலம், நீவிவிடும் யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.