திருநகரில் தனியாக இருக்கும் அப்பா அம்மா: போன் மோசடி, வாசல் வியாபாரி இரண்டுக்கும் முன்கூட்டியே என்ன ஏற்பாடு செய்யலாம்?

மூன்றாவது நிறுத்தம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 76, அம்மாவுக்கு 70. மதுரை திருநகரில் சொந்த வீடு, இரண்டு பேர் மட்டும். ஓய்வூதியம் வரும் கணக்கிலேயே எஃப்டி, ஏடிஎம் கார்டு, யூபிஐ எல்லாம் இருக்கிறது. பகலில் வாட்டர் ஃபில்டர், கேஸ் சோதனை, நகை பாலிஷ் என்று வாசலில் ஆள் மாற்றி ஆள் வருகிறார்கள். போனில் கரண்ட் கட், பென்ஷன் நிற்கப்போகிறது என்று மிரட்டல். இதுவரை பணம் எதுவும் போகவில்லை. பிள்ளைகள் வெளியூரில் இருப்பதால் தினமும் பக்கத்தில் நின்று பார்க்க முடியாது. போனைப் பிடுங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, அது அவர்களை இன்னும் தனிமையாக்கிவிடும். என்னென்ன செய்து வைக்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வைகைக்கரை பதில்:

கணக்கைப் பிரிப்பதில் இருந்து ஆரம்பியுங்கள். எவ்வளவு படித்துப் படித்துச் சொன்னாலும் பதற்றத்தில் மறந்துபோகும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் பெரிய தொகை இல்லாமல் இருப்பதுதான் காப்பாற்றும்.

ஓய்வூதியக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு, வேறு ஒரு வங்கியில் சின்னதாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். மாதம் பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ, வீட்டுச் செலவு எவ்வளவோ அது மட்டும் முதல் வாரத்தில் தானாக அங்கே போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடலாம். யூபிஐ, கார்டு எல்லாம் அந்தச் சின்னக் கணக்கில் மட்டும் இருக்கட்டும். ஓய்வூதியக் கணக்கில் யூபிஐ பதிவை நீக்கி, நெட் பேங்கிங்கை நிறுத்தி, கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இங்கே பலரும் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். கார்டை ஒப்படைத்தால் மட்டும் போதாது, ஆதார் ஓடிபி வழியாகவும் யூபிஐ பின் போட முடியும். அதனால் ஓய்வூதியக் கணக்குக்கும் ஆதாருக்கும் பதிவான எண் ஸ்மார்ட்போனில் இருக்கவே கூடாது. அந்த சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு வீட்டிலேயே வையுங்கள். ஸ்மார்ட்போனில் வேறு சிம். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே என்ற செயலிக் கோப்பைத் தெரியாமல் நிறுவிவிட்டாலும், அது திருடுவது அந்த போனுக்கு வரும் குறுஞ்செய்திகளைத்தான். பட்டன் போனுக்கு வரும் ஓடிபி அதற்கு எட்டாது. ஒரே கவனம், அந்த சிம்முக்கு ரீசார்ஜ் விட்டுப்போகக் கூடாது. 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் இணைப்பு போய், பிறகு எண் வேறு ஒருவருக்கும் போகலாம்.

எஃப்டியை இரண்டு பேர் பெயரிலும் கிளையில் நேரில் போடுங்கள். இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று இருந்தால், ஒருவரை மிரட்டி அரை மணி நேரத்தில் உடைக்க வைக்க முடியாது. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமும் இந்த விதத்தில் நல்லது. 30 லட்சம் வரை போடலாம், 5 வருடம். ஒரு வருடத்துக்குள் முடித்தால் வட்டியே கிடையாது, இரண்டு வருடத்துக்குள் என்றால் அசலில் ஒன்றரை சதவீதம் பிடிப்பார்கள். அவசரப்பட்டு எடுக்கத் தோன்றாது.

---

கீழவாசல் பதில்:

வைகைக்கரை சொன்னதோடு ஆதார் கைரேகைப் பூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனையில் ஓடிபியே கேட்காது, ரேகை இருந்தால் போதும். ஆதார் செயலியிலேயே பூட்டலாம். ஆனால் பூட்டிவிட்டு ரேஷன் கடைக்குப் போனால் மெஷின் ஏற்காது, வரிசையில் நின்றவர் வெறும் பையோடு திரும்புவார். ஓய்வூதியத்துக்கு ஆயுள் சான்று எடுக்கும்போது முக அடையாளமும் தோற்றுவிடும். இந்த இரண்டு நாளிலும் முன்கூட்டித் திறந்துவிட்டு மறுபடி பூட்டும் வேலையைப் பிள்ளைகளில் ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அது நடக்காது என்றால் பூட்ட வேண்டாம், தொல்லைதான் மிஞ்சும்.

ஸ்மார்ட்போனில் செய்ய வேண்டியவை: அமைப்புகளில் ‘தெரியாத ஆப்களை நிறுவுதல்’ என்ற பகுதியில் வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் மூன்றுக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் செய்யும் வசதி இருக்கிறது. குழுக்களில் தொடர்பில் உள்ளவர்கள் மட்டுமே சேர்க்க முடியும் என்று வையுங்கள். பங்குச்சந்தை லாபக் குழு என்று சேர்த்து ஏமாற்றுவது இந்த வழியில்தான்.

கரண்ட் கட் செய்திக்கு ஒரு எளிய சோதனை. “மின் இணைப்பு எண்ணைச் சொல்லுங்க” என்று அப்பா கேட்கட்டும். நம் மதுரை மண்டலத்தில் அது 05 என்று தொடங்கும். ஏமாற்றுகிறவனிடம் பெரும்பாலும் அது இருக்காது, “இந்த நம்பருக்கு உடனே கூப்பிடுங்க” என்பதுதான் இருக்கும். சந்தேகம் என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987.

---

தெற்காவணி பதில்:

வாசல் பக்கம் நான் சொல்கிறேன். வருகிறவன் செய்துகாட்டும் வித்தை எப்படி வேலை செய்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

வாட்டர் ஃபில்டர்காரர் இரண்டு தம்ளர் வைப்பார். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். கம்பிகள் உள்ள ஒரு கருவியை இரண்டிலும் விட்டு மின்சாரம் கொடுப்பார். குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, சகதி மாதிரி திரளும். “இதைத்தான் குடிக்கிறீங்க அம்மா” என்பார். அது தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கருவியில் இருக்கும் இரும்புக் கம்பி கரைந்து வரும் துரு. தண்ணீரில் உப்புகள் இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, கம்பி கரைகிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் எதுவும் நடக்காது. அவருடைய தம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

டிடிஎஸ் மீட்டரும் அப்படித்தான். கரைந்த உப்பின் அளவைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. நம் பக்கம் போர் தண்ணீர் கடினம்தான், ஆர்ஓ தேவைப்படும் வீடுகள் நிறைய இருக்கின்றன. அதை முடிவு செய்ய வேண்டியது குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தின் சோதனை முடிவு, விற்க வந்தவரின் தம்ளர் இல்லை.

நகை பாலிஷ் என்று வருகிறவனை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி அனுப்பிவிடுங்கள். முதலில் பித்தளைச் செம்பையும் வெள்ளிக் கொலுசையும் பளபளவென்று தேய்த்துக் கொடுப்பான், நம்பிக்கைக்காக. பிறகு தங்கச் செயினை ஒரு திரவத்தில் போடுவான். ஒரு பங்கு நைட்ரிக் அமிலத்தோடு மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்த ராஜதிராவகம் தங்கத்தையே கரைக்கும். செயின் உருவம் மாறாது, எடை மட்டும் குறையும், கரைந்த தங்கம் அவன் கிண்ணத்தில் போய்விடும். இன்னொரு வகையும் உண்டு: மஞ்சள் தூளோடு குக்கரில் போட்டு மூடி, “ஆறின பிறகு திறங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போவான். திறந்தால் மஞ்சள் தண்ணீர் மட்டும் இருக்கும். வீட்டிலேயே வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, பழைய மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். மெருகு போட வேண்டும் என்றால் தெற்கு ஆவணி மூல வீதியில் தெரிந்த கடைக்கு எடுத்துப்போய், முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கேஸ் சோதனைக்கு வந்தேன் என்றால், அவர் காட்டும் அட்டையைப் பார்க்க வேண்டாம். உங்கள் சிலிண்டர் ரசீதில் இருக்கும் ஏஜென்சி எண்ணுக்குக் கூப்பிட்டு, ஆள் அனுப்பினீர்களா என்று கேளுங்கள். ரப்பர் ட்யூப்பின் ஆயுள் 5 வருடம், ஆண்டு அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அம்மாவே படித்துப் பார்க்கலாம். கேஸ் மிச்சப்படுத்தும் கருவி என்று ரெகுலேட்டரில் எதையாவது மாட்டச் சொன்னால் ஒத்துக்கொள்ளவே கூடாது, அது ஆபத்து. கசிவு என்று சந்தேகம் வந்தால் கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906.

தெருவிலும் ஒன்று. சாதாரண உடையில் போலீஸ் என்று சொல்லி, “முன்னாடி கலாட்டா, நகையைக் கழற்றிப் பேப்பர்ல மடிச்சுக்கங்க” என்று மடித்துத் தருவார்கள். வீட்டில் பிரித்தால் கல் இருக்கும். எந்தக் காவலரும் நகையைக் கழற்றித் தரச் சொல்ல மாட்டார். பதில் பேசாமல் பக்கத்துக் கடைக்குள் போய் நின்றுவிட வேண்டும்.

---

மேலூர் ரோடு பதில்:

வைகைக்கரைக்கு ஒரு திருத்தம். எஃப்டியில் ‘ஜாயின்ட்லி’ என்று மட்டும் போட்டுவிட்டால், ஒருவர் காலமான பிறகு மற்றவர் பணத்தை எடுக்க அலைய வேண்டி வரும். ‘ஜாயின்ட்லி ஆர் சர்வைவர்’ என்று கேட்டு எழுதுங்கள், நாமினியும் பதிவாகி இருக்கட்டும்.

தெற்காவணி சொன்ன வாசல் விற்பனையில் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: நேரடி விற்பனை நிறுவனங்களின் ஆட்கள் அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வீட்டுக்கு வரவே கூடாது என்கின்றன 2021ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். நிறுவனம் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கம்பெனி கோவையில் இருந்தாலும், டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாததால் தோற்கும் வழக்குகள்தான் அதிகம். அதனால் ரொக்கம் கொடுக்கவே கூடாது. தனி ஆள் பெயருக்குப் போகும் க்யூஆர் என்றால் அதுவும் வேண்டாம்.

வங்கியிலேயே நடப்பதையும் சொல்ல வேண்டும். எஃப்டி போடப் போனவரிடம் “இதுல வட்டி கூட வரும்” என்று காப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது. வந்திருப்பது ரசீதா, பாலிசிப் பத்திரமா என்று உடனே பாருங்கள். பாலிசி என்றால் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திருப்பலாம். சிறு பிடித்தம் போக மீதி வரும். பிறகு மனம் மாறினால் பெரும் நஷ்டம்.

ஏலச்சீட்டு, மாத வட்டித் திட்டம் என்றால் பதிவு எண் கேளுங்கள். மாதம் மூன்று, நான்கு சதவீதம் தருகிறேன் என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கவே தேவையில்லை, ஒதுங்கிவிடுங்கள். பணம் கொடுத்தாகிவிட்டது என்றால் மதுரையில் பொருளாதாரக் குற்றப்பிரிவு இருக்கிறது. 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நிறுவனத்தின் சொத்தை முடக்க வழி உண்டு. தாமதித்தால் முடக்கச் சொத்தே மிஞ்சாது.

---

மூன்றாவது நிறுத்தம்:

ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். வீடியோ காலில் போலீஸ் உடையில் மிரட்டினால் அப்பா என்ன செய்ய வேண்டும்? ஒருவேளை பணம் போய்விட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

---

கீழவாசல் பதில்:

டிஜிட்டல் கைது என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லவே இல்லை. பார்சலில் போதைப்பொருள், உங்கள் பெயரில் சிம், மும்பை போலீஸ் என்று ஆரம்பித்து, “கேமராவை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது” என்பார்கள். அந்த ‘யாரிடமும் சொல்லாதே’ வந்த நொடியே அது மோசடி. துண்டித்துவிட்டு அம்மாவிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பேரன் குரலில் “விபத்து, பணம் அனுப்புங்க” என்று வந்தால் கேட்க ஒரு கேள்வியை இப்போதே பேசி வையுங்கள். பழைய வீட்டில் இருந்த மாட்டின் பெயர் மாதிரி, இணையத்தில் எங்கும் இல்லாததாக இருக்கட்டும்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930. வங்கிக் கிளை திறக்கட்டும் என்று காலை வரை காத்திருக்கக் கூடாது. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நிமிடக் கணக்கில் தாவுகிறது, தாவும் முன்னால் நிறுத்தினால்தான் மீதி நிற்கும். கணக்கு எண், தொகை, நேரம், 12 இலக்கப் பரிவர்த்தனை எண், பணம் போன யூபிஐ முகவரி, இவை கையில் இருக்கட்டும். தரும் ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வங்கியின் 24 மணி நேர எண். ஏபிகே நிறுவியிருந்தால் போனை விமானப் பயன்முறைக்கு மாற்றி, சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ##002# அழுத்துங்கள், நம் அழைப்புகளை அவர்கள் எண்ணுக்குத் திருப்பக் கள்ளத்தனமாக வைத்த கால் ஃபார்வர்டிங் நீங்கும். போனை உடனே அழிக்க வேண்டாம், சாட்சியம் போய்விடும்.

ஓடிபி, பின் எதுவும் சொல்லாமல் நமக்குத் தெரியாமலே பணம் போயிருந்தால், ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி மூன்று வேலை நாளுக்குள் வங்கியில் புகார் கொடுத்தவருக்கு இழப்பு இல்லை. ஆனால் மிரட்டலில் அவரே அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அங்கே 1930 வழியாக முடக்கியதுதான் மிஞ்சும், அதையும் பல நேரம் நீதிமன்ற உத்தரவு வாங்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும். வங்கி 30 நாளில் சரியான பதில் தரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனுக்குப் போகலாம்.

இரண்டாவது அடி ஒன்று உண்டு, அதையும் சொல்லி வையுங்கள். பணம் இழந்தவர்களைத் தேடி “மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்” என்று சில வாரத்தில் கூப்பிடுவார்கள். முதல் கும்பலிடம் இருந்தே பட்டியல் போயிருக்கும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. “எத்தனை தடவை சொன்னேன்” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். திட்டுவார்கள் என்ற பயத்தில்தான் பெரியவர்கள் இரண்டு மூன்று நாள் மறைக்கிறார்கள், அந்த நாட்களில்தான் பணம் கைமீறிப் போகிறது.

---

மூன்றாவது நிறுத்தம்:

கடைசியாக ஒன்று. வங்கியில் பதிவான எண்ணை மாற்ற அப்பா கிளைக்கு நேரில் போயே ஆக வேண்டுமா? முட்டிவலி, படி ஏறுவது சிரமம்.

---

வைகைக்கரை பதில்:

கட்டாயமில்லை. 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆவணம் வாங்குவது, ஆயுள் சான்று எல்லாம் அதில் அடங்கும். கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, அப்பாவின் வயதுச் சான்று நகலோடு நீங்களோ உறவினரோ கொடுத்து, எந்த நாள் யார் வருவார் என்று பெயரோடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாளில், அந்தப் பெயரில் வருகிறவருக்கு மட்டும் அம்மா கேட்டைத் திறக்கட்டும்.