ரூட் நெற்றிப்பட்டையை எடுத்தபோது எனக்கு நினைவு வந்தவன்

தேர்டு மேன்:
2025 ஆகஸ்ட் 3, ஓவல் டெஸ்ட் நான்காம் நாள். எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தின் ஜோ ரூட் சதம் அடித்ததும் ஒரு நெற்றிப்பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வானத்தைக் காட்டினார். மனச்சோர்வோடு போராடி முந்தைய ஆண்டு உயிரை மாய்த்துக்கொண்ட முன்னாள் இங்கிலாந்து ஆட்டக்காரர் கிரஹாம் தோர்ப்புக்காக; அவர் இப்படிப் பட்டை கட்டி ஆடியவர். இங்கே சிங்கப்பூரில் இரவு நேரம், வீட்டில் எல்லாரும் தூங்கியாச்சு. அந்த நொடியில் எனக்கு தோர்ப் நினைவு வரவில்லை, என் ஓப்பனிங் பார்ட்னர் நினைவுதான் வந்தது.

ஏழெட்டு வருடம் இருக்கும். ஞாயிறு லீக். திருச்சிப் பக்கத்துப் பையன், ஜூரோங்கில் வேலை. தொடர்ந்து மூன்று டக், ஒரு ரன்கூட இல்லாமல் அவுட். நாலாவது மேட்சில் முதல் பந்திலேயே எல்பி. நாங்கள் இன்னிங்ஸ் முடித்து, கறி பஃப், தே தாரிக் எல்லாம் ஆகி, ஃபீல்டிங்குக்கு எழுந்து பார்த்தால் மரத்தடியில் ஹெல்மெட்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறான். கால் பேடின் பட்டியைப் பிடித்திருந்த விரல் நடுங்கியது. கழற்ற வரவில்லை அவனுக்கு. நான் சத்தமாக, "என்னடா, டக் அடிச்சதுக்கே இவ்ளோ சீனா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

இரண்டு வாரத்தில் வாட்ஸ்அப் குழுவை விட்டுப் போனான். ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. பழைய எண் இப்போது இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. உங்களில் யாருக்காவது இப்படி ஒரு ஆள் உண்டா?

சேப்பாக்கம் பெஞ்சு:
எனக்குத் தமிழ்நாட்டு ஓப்பனர் வி.பி. சந்திரசேகர். 1988 இரானி கோப்பை, சேப்பாக்கத்தில் 56 பந்தில் சதம். அன்று காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு கேலரியில் இருந்தேன். பந்து எங்கள் பக்கம் பறந்து வரும்போதெல்லாம் எழுந்து எழுந்து, சாயந்திரம் தொண்டை கட்டிப்போனது. பிறகு சென்னை சூப்பர் கிங்ஸின் முதல் கிரிக்கெட் இயக்குநர், தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் சொந்த அணி என்று ஆள் பெரிய இடத்தில்தான் இருந்தார்.

2019 ஆகஸ்ட் 15, தேக்காவில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று சென்னையிலிருந்து நண்பன் செய்தி அனுப்பினான். 57 வயது. கையில் முருங்கைக்காய்க் கட்டு. கடைக்காரர் "அண்ணே, இது வேணுமா வேணாமா?" என்று மூன்று தடவை கேட்டார்.

டெயில் எண்டர் 61:
மன்னிக்கவும், உடைத்துச் சொல்கிறேன். எங்கள் காலத்தில் டக் அடித்தால் கேப்டன் திட்டுவார், அடுத்த வாரம் வந்து ஆடுவோம். இப்போது எதற்கெடுத்தாலும் மனச்சோர்வு. தோர்ப் 2002ல் கிரிக்கெட்டை விட்டு ஒதுங்கியது குடும்பப் பிரச்சினையால். அதைப் போய் நோயோடு முடிச்சுப் போடுகிறீர்கள்.

கவர் டிரைவ்:
அங்கிள், குடும்பம் உடைந்தால் மனசு உடையாதா? 2002ல் இந்தியாவோடு லார்ட்ஸ் டெஸ்ட் ஆடிவிட்டு ஒதுங்கினார், உண்மை. மறுவருடம் அதே ஓவலில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்து 124 அடித்தார், அதுவும் உண்மை. "பாரு, சரியாயிட்டார்" என்று நாம் எல்லாரும் எழுதியது அந்த 124ஐ வைத்துத்தான். 100 டெஸ்ட், 6,744 ரன், 16 சதம். 2024 ஆகஸ்ட் 4 அன்று போனார், 55 வயது முடிந்து மூன்றே நாள். கடும் மனச்சோர்வும் பதற்றமும் பல ஆண்டுகளாக அவரை வாட்டின என்று மனைவியே வெளியில் சொன்னார். ஓவலில் அவருக்காக நாள் ஒதுக்கி மைண்ட் என்ற மனநல அறக்கட்டளைக்குப் பணம் திரட்டியது அவர் பிறந்த நாளில்.

என் கதை ஒன்றும் பெரிதில்லை. அணியில் ஒருத்தி மருந்து சாப்பிடுவது தெரிந்ததும் இங்கிருந்த பழைய மனநல மருத்துவமனையின் பேரைச் சொல்லி "உட்பிரிட்ஜ் கேஸ்" என்று பேர் வைத்தார்கள். வைத்தவர்களில் நானும் உண்டு.

நலமே நலம்:
நானும் ஒருமுறை பெஞ்சூரு பக்கம் டென்னிஸ் பால் மேட்சில் ஒரு தம்பி அழுவதைப் பார்த்தேன். தண்ணீர் கொடுத்தேன். அது கிடக்கட்டும். முக்கியமாகச் சொல்ல வேண்டியது தூக்கம். இரவு பத்தரைக்குப் படுத்துவிட வேண்டும், இங்கிலாந்து மேட்ச் பார்க்கக் கூடாது. காலையில் வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர். மைலோ வேண்டாம், சர்க்கரை. மேட்சுக்கு முன் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி: இடது மூக்கால் இழுத்து வலதால் விட வேண்டும், மாற்றிச் செய்தால் பலன் இல்லை. போனை வேறு அறையில் வைக்கவும். வாழைப்பழம் நல்லது, ஆனால் குளிர்ந்த உடம்புக்காரர்கள் மதியத்துக்குப் பிறகு வேண்டாம். இதையெல்லாம் 48 நாள் செய்துவிட்டுச் சொல்லுங்கள். மனசுக்கு ரொம்ப முடியாமல் போனால் 1767க்கு அழையுங்கள், எஸ்ஓஎஸ் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, 24 மணி நேரமும் எடுப்பார்கள். தேசிய மனநல உதவி எண் 1771ம் இருக்கிறது. அந்தத் தம்பிக்கு நான் எண் எதுவும் கொடுக்கவில்லை, அப்போது எனக்கே தெரியாது.

செங்காங் அம்மா:
கடைசி மூன்று வரியை முதலில் எழுதியிருக்கலாம் ஐயா.

என் மகன் பள்ளி அணியில் ஆடினான், அப்போது வயது 13. மேட்ச் நாளில் காலையிலிருந்தே ஜன்னலில் நிற்பான். வானிலை ஆப்பை எடுத்து எடுத்துப் பார்ப்பான். "எவ்வளவு ஆர்வம் பாருங்கள், மழை வந்துவிடுமோ என்று பயம்" என்று அவன் அப்பாவிடம் பெருமையாகச் சொல்வேன். ஒரு சனிக்கிழமை அவன் பேட்டிங் இறங்க இரண்டு விக்கெட் இருக்கும்போது மின்னல் எச்சரிக்கை சைரன் அடித்தது. எல்லாப் பிள்ளைகளும் "ஐயோ" என்றார்கள். இவன் என் பக்கம் திரும்பினான். அந்த முகத்தை நான் அதற்கு முன் ஒரு மாதமாகப் பார்த்ததில்லை. அப்படி ஒரு நிம்மதி. வண்டியில் கேட்டான், "அம்மா, அடுத்த வாரமும் இடி இடிக்குமா?"

பயிற்சியாளரிடம் பேசப் போனேன். "மென்டல் டஃப்னஸ் வேணும் மேடம்" என்றார். ஆலோசகரிடம் கூட்டிப் போக எனக்கு இன்னும் நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் ஒரு மேட்ச் விடாமல் ஆட அனுப்பினேன்.

டெயில் எண்டர் 61:
அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான்?

செங்காங் அம்மா:
ஆடுவதில்லை. போன மாதம் தம்பி மேட்சுக்கு ஸ்கோர் எழுத வந்தான், தானாகவே. பென்சில் சீவித் தரச் சொன்னான்.

தேர்டு மேன்:
அங்கிளுக்குக் கோபம் இல்லை, அன்று நானும் உங்கள் கட்சிதானே. ஒன்று எழுத விட்டுப்போச்சு. கடைசியில் அவனுடைய கால் பேடின் பட்டியைக் கழற்றிவிட்டது எங்கள் அணியில் யாரும் இல்லை. எதிரணி அம்பயர், கொஞ்சம் வயதானவர். மைதானத்துக்குள் போகிற வழியில் நின்று, குனிந்து, இரண்டு காலிலும் கழற்றிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஸ்டம்ப் பக்கம் போய்விட்டார். அவர் பேரும் எனக்குத் தெரியாது. பாலஸ்டியர் ரோடு மைதானம், லங் பிரச்சினைபோல இருமிக்கொண்டே இருப்பார். தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.