எது நடந்தாலும் என் பையன் பெயர்தான். என்ன செய்வது?

அல்சூர் அம்மா:
போன ஜூனில் ஆம்பூரிலிருந்து பெங்களூருவுக்கு வந்தோம். பையனுக்கு 13 வயது, எட்டாவது படிக்கிறான். அவன் கன்னடம் பேசுவதைப் பேசிக்காட்டி வகுப்பில் நாலு பேர் சிரிப்பார்களாம். வீட்டில் மூச்சுவிடவில்லை. டிசம்பரில் ஒருவனை அடித்துவிட்டான், உதடு கிழிந்தது. தப்புதான். அவர்கள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டோம்.

அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் இவன்தான். போன வாரம் கடைசி பீரியடில் யாரோ ஒரு பெண்ணின் பைக்குள் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள். காய்ச்சல் என்று இவனை நான் மதியமே கூட்டிவந்துவிட்டேன். ஆனாலும் மறுநாள் டைரியில் இவன்மேல் புகார். “நான் இல்லம்மா” என்றுகூடச் சொல்லவில்லை. டைரியை நீட்டி, “கையெழுத்துப் போடு” என்றான், அவ்வளவுதான்.

இப்போது தங்கை பென்சிலைத் தொட்டாலே கத்துகிறான். இவர் திமிர் என்கிறார். பள்ளிவிட்டு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் திமிர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓசூர் ரோடு:
வயசு அப்படி சிஸ்டர். நாளாக நாளாகச் சரியாகும்.

ரிடையர்டு டீச்சர்:
தானாகச் சரியாகாது தம்பி. 1980-இல் கென்னத் டாட்ஜ் என்ற அமெரிக்க உளவியலாளர் பள்ளிச் சிறுவர்களை வைத்து ஆய்வு செய்தார். இன்னொரு பையன் உன் படப்புதிரைக் கலைத்துவிட்டான். வேண்டுமென்றா, தெரியாமலா என்று விளங்கவில்லை. முரடர் என்று பெயரெடுத்த பிள்ளைகள் அதை வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொண்டார்கள். மற்றப் பிள்ளைகளும், முரடன் செய்தது என்றால் வேண்டுமென்றுதான் செய்திருப்பான் என்றார்கள். சந்தேகம் இரண்டு பக்கமும் வளரும். பென்சில் விஷயம் அதுதான் அம்மா.

நானும் ஒரு பையனை அப்படி நடத்தியிருக்கிறேன். சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமலே அவன் பெயரைச் சொல்வேன். இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. கண்ணால் பார்த்ததை மட்டும் டைரியில் எழுதச் சொல்லி மிஸ்ஸிடம் நேரில் கேளுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. முதல் நாளே சட்டம் பேச வேண்டாம், தெரிந்து வைத்திருங்கள். சாப்பாடு, தூக்கம் குறைந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். பெங்களூருவிலேயே இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

ஜே.பி. நகர் தம்பி:
அக்கா, நானும் அப்படி ஒரு பையனாக இருந்தவன்தான். “என்ன பண்ணே?” என்று எல்லோரும் கேட்பார்கள். “என்னடா ஆச்சு?” என்று கேட்டது என் பாட்டி மட்டும்தான். அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை.

அல்சூர் அம்மா:
நேற்று நானும் போய் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். தம்பி சொன்ன மாதிரியே கேட்டேன். ரொம்ப நேரம் லேஸை முறுக்கிக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான். கன்னடத்தில் பூவுக்கு ‘ஹூவு’. வந்த புதிதில் எழுந்து நின்று வாசிக்கும்போது இவன் வாயில் ‘பூவு’ என்று வந்துவிட்டதாம். அன்றையிலிருந்து வகுப்பில் இவனுக்குப் பெயரே அதுதானாம். பத்து மாதமாக! கதவுக்குப் பின்னால் நின்று இவரும் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை மிஸ்ஸைப் பார்க்கப் போகிறேன். அரை நாள் லீவு போட்டு இவரும் வருகிறேன் என்கிறார்.