மணிக்கடிகாரம்: ‘எண்ணிச் சக்கரம்’, ‘நத்தைத் தகடு’ சரிதானா?

அன்புள்ள ஐயா,

மணியடிக்கும் கடிகாரத்தில் எத்தனை அடி என்று தீர்மானிக்கும் உறுப்புகளில், count wheel என்பதற்கு ‘எண்ணிச் சக்கரம்’, snail என்பதற்கு ‘நத்தைத் தகடு’ என்று நீங்கள் முன்வைத்த இரண்டு சொற்களுமே எனக்கு நெருடுகின்றன.

தருமபுரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா காலத்துச் சுவர்க்கடிகாரம் ஒன்று உண்டு. முகப்பில் இரண்டு சாவித்துளை. ஒன்று ஓட்டத்துக்கு, மற்றது மணிக்கு. போன வாரம் மணிச்சாவி தீர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. மறுபடி சாவி கொடுத்தால், முள் நாலில் நிற்க, மணி பதினொன்று அடிக்கிறது! “அதுக்கும் வயசாயிடுச்சு” என்றார் அம்மா.

வயதல்ல, நீங்கள் ‘எண்ணிச் சக்கரம்’ என்கிற அந்தச் சக்கரத்தின் குணம். அதன் விளிம்பில் காடிகள் (சிறு பள்ளங்கள்) வெட்டியிருக்கும். நெம்பின் நுனி காடியில் விழுந்தால் மணி நிற்கும். விழாதவரை அடித்துக்கொண்டே போகும். காடிகளின் இடைவெளி ஒன்று முதல் பன்னிரண்டு அடிவரை படிப்படியாகக் கூடும். ஒரு சுற்றுக்கு 78 அடி. முள் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. பத்து அடித்தாயிற்றா, அடுத்தது பதினொன்று. ஏரித் தண்ணீரை முறை வைத்துக் கட்டுவது போலத்தான்: யார் வயல் காய்கிறது என்று மடை பார்ப்பதில்லை, முறை யாருடையதோ அவருக்குத் தண்ணீர். அது எண்ணவில்லை ஐயா, முறை காக்கிறது. எனவே ‘முறைச்சக்கரம்’.

(நெம்பை விரலால் தூக்கித் தூக்கி விட்டுத்தான் சரிசெய்தேன். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று 22 அடி. எதிர்வீட்டில் என்ன பூசை என்று விசாரித்தார்கள்.)

அடுத்து நத்தை. இது வேறு வகைக் கடிகாரங்களில் அந்தச் சக்கரத்துக்குப் பதிலாக இருப்பது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்தத் தகட்டைப் பார்த்தவர்களுக்கு நத்தை ஓடு நினைவுக்கு வந்தது. அதை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? நம் கண்ணுக்கு அது பன்னிரண்டு படி வெட்டிய வட்டு. மணிமுள்ளோடு சேர்ந்தே சுற்றும். பல்சட்டத்தின் (பல் வெட்டிய சட்டம்) வால் அதன்மேல் இறங்கும். ஒரு மணிக்கு மேல்படி, பன்னிரண்டுக்கு அடிப்படி. எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அத்தனை அடி. முள்ளுக்கும் மணிக்கும் பிணக்கே வராது. ‘படிவட்டு’ என்றால் பார்க்காதவருக்கும் புரியும்.

எழுதும்போதே தோன்றுகிறது: ‘முறைச்சக்கரம்’ என்பதையும் ‘முறைவட்டு’ ஆக்கிவிட்டால் இரண்டும் இணையாக நிற்கும். முறை என்றால் செய்முறை என்று மயங்குவார்களோ என்ற ஐயம் மட்டும் எனக்கு உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கத்து நண்பர்கள் சொல்லட்டும்; அணைத் தண்ணீருக்கு முறை பார்த்தவர்களுக்கு அந்த மயக்கம் வராது என்றே நினைக்கிறேன்.

பல்சட்டம் நான் அவசரத்துக்கு வைத்த சொல். இங்கே கடிகாரம் பழுது பார்ப்பவர் ‘ரேக்கு’ (rack) என்கிறார். அதை அப்படியே விட்டுவிடலாமா?